பெயர்ப்பலகை மாறுகிறது; பாக்கி யார் தலையில்?

(தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைகள் இணைந்து தாராவியில் நடத்திய வாசகர் வட்டக் கூட்டத்தில், கட்சியின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற கூட்டத்தில் வணிகத் தோழர் ஒருவர் ஒரு முன்மொழிவை வைத்தார். பெரிய அங்காடிகளைப் புறக்கணியுங்கள் என்று வீடுவீடாகத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும் என்பது அது. தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். நான்கு வரிகளுக்கு மேல் ஓடவில்லை. சோம்பல் காரணமன்று. எழுத எழுத, இந்த முழக்கம் யாரை நோக்கியது, யாருக்கு எதிரானது என்ற கேள்விக்கு என்னிடமே விடை இல்லாமல் போயிற்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். முன்மொழிந்த தோழர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

எங்கள் சாலில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் கதையை முதலில் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஓர் அங்காடியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவர். எட்டு ஆண்டுகளில் மூன்று நிறங்களில் சீருடை அணிந்துவிட்டார். வேலை பார்த்த கட்டடம் ஒன்றே. நின்ற கவுண்ட்டரும் ஏறக்குறைய ஒன்றே. வெளியே பெயர்ப்பலகை மாறியபோதெல்லாம் உள்ளே அவருக்கு ஒரு புதிய நியமனக் கடிதம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அவர் அன்றுதான் பிறந்தவர். முந்தைய பணிக்காலம் கணக்கில் இல்லை. பணிக்கொடை பெற ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த நிபந்தனை. எட்டு ஆண்டு நின்ற கால்களுக்கு ஐந்து ஆண்டு வந்து சேரவில்லை. இதில் எந்தக் கடிதம் எந்த ஒப்பந்ததாரருடையது என்பதைப் பிரித்தறியவே எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

புறக்கணியுங்கள் என்ற துண்டறிக்கையை நான் முதலில் கொடுக்க வேண்டியது இவர் வீட்டுக் கதவில். என்ன சொல்லிக் கொடுப்பது?

சரி, விஷயத்துக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு நோய் உண்டு. சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். பொருளாதார ஏடுகளில் இரண்டு சொற்கள் வருகின்றன: ஒழுங்கமைக்கப்பட்ட சில்லறை வணிகம், ஒழுங்கமைக்கப்படாத சில்லறை வணிகம். முன்னது அங்காடித் தொடர்கள். பின்னது நம் அண்ணாச்சி கடைகள். பல ஆண்டுகளாக இவற்றை அப்படியே தமிழாக்கி வந்திருக்கிறேன். ஒருநாள் உறைத்தது: ஒழுங்கமைந்திருப்பது அங்கே மூலதனம் மட்டுமே. தொழிலாளிக்குச் சங்கம் இல்லை. அண்ணாச்சிகளுக்கோ தெருவுக்கு ஒரு வணிகர் சங்கம் இருக்கிறது! யார் ஒழுங்கமைந்தவர், யார் ஒழுங்கமையாதவர்?

இன்னொரு இணைச்சொல் இதைவிட முக்கியமானது. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில், திரட்டலின் பொது விதியைப் பேசும் அத்தியாயத்தில், இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, முதலாளி தன் உபரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெருகுவது. மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் மூலதனங்களில் ஒன்று மற்றொன்றை விழுங்குவது. இதை மையப்படல் என்கிறோம். இரண்டாவதில் சமூகத்துக்குப் புதிதாக ஒரு செங்கல்கூடச் சேர வேண்டியதில்லை. இருப்பது கைமாறினால் போதும். இந்த மையப்படலை உந்தும் வலிய நெம்புகோல்கள் இரண்டு, அவை போட்டியும் கடனும் என்று அவர் சொல்கிறார். 1867-இல் அச்சேறிய நூல். பிக் பஜாரின் கதையைச் சொன்ன பிறகு இதை நினைத்துப் பாருங்கள்.

பிக் பஜார் 2001-இல் தொடங்கியது. மும்பையில் அது கடை விரித்த இடம் லோயர் பரேலில், பீனிக்ஸ் ஆலை இருந்த வளாகம். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளிகளின் பிள்ளைகள், தகப்பன் தறி ஓட்டிய நிலத்திலேயே தள்ளுபடி விலைக்குத் துணி வாங்க வரிசையில் நின்றார்கள். அந்தக் குழுமம் அதன்பின் கடன் வாங்கிக் கடைகளை வாங்கியது. 2014-இல் நீல்கிரீஸ், ஏறத்தாழ 300 கோடி ரூபாய்க்கு. குன்னூரில் 1905-இல் ஒரு தமிழ்க் குடும்பம் வெண்ணெய் வணிகத்தோடு தொடங்கிய கடை அது. அதற்கு முன்பே ஒரு முதலீட்டு நிதியத்தின் கைக்குப் போயிருந்தது. 2015-இல் பாரதி குழுமத்தின் ஈசிடே. 2016-இல் ஐதராபாத்தின் ஹெரிட்டேஜ் அங்காடிகள். 2017-இல் நம் மலாடில் தொடங்கிய ஹைப்பர்சிட்டி, 655 கோடிக்கு. ஒவ்வொரு முறையும் செய்தித்தாள்கள் வளர்ச்சி என்று எழுதின. வளர்ந்தது கடன்.

2019-இல் அமேசான் அக்குழுமத்தின் துணை நிறுவனம் ஒன்றில் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. நேராகச் சில்லறை நிறுவனத்தை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே பக்கவாட்டில் ஒரு கதவு. மறு ஆண்டு கொரோனா வந்தது, கடைகள் பூட்டப்பட்டன, வட்டி பூட்டப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 29 அன்று ரிலையன்ஸ் 24,713 கோடி ரூபாய்க்கு அனைத்தையும் வாங்குவதாக அறிவித்தது. அமேசான் சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போனது. அங்கிருந்து தில்லி உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம். உலகின் மிகப் பெரிய செல்வந்தர்களில் இருவர், தாராவியில் பருப்பு விற்கும் உரிமை யாருக்கு என்று இரண்டு ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கடைகளின் தொழிலாளிகளை எந்த நீதிமன்றமும் அழைத்து விசாரித்ததாக நான் படிக்கவில்லை.

முடிவு நீதிமன்றத்தில் வரவில்லை. வாடகை கட்ட முடியாத கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் கட்டட உரிமையாளர்களிடமிருந்து தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பழைய நிறுவனத்துக்கே உள்வாடகைக்கு விட்டிருந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் அந்த உள்வாடகையை ரத்து செய்தது. 800-க்கும் மேற்பட்ட கடைகள் கைமாறலாயின. பூட்டிய கதவுகள் பின்னர் ஸ்மார்ட் பஜார் என்ற பெயரில் திறந்தன. ஏப்ரலில், கடன் கொடுத்த வங்கிகள் வாக்களித்து ஒப்பந்தத்தை நிராகரித்தன. ரிலையன்சும் அதைக் கைவிட்டது. இனி எதற்கு ஒப்பந்தம்? இடம் வந்துவிட்டது. ஜூலையில் பழைய நிறுவனம் திவால் நடைமுறைக்குள் தள்ளப்பட்டது. 2024 ஜூலையில் அதைக் கலைத்துவிட உத்தரவாயிற்று.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 24,713 கோடி ரூபாய் விலை பேசியபோது, அந்த விலைக்குள் சில கடன்களையும் பாக்கிகளையும் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பும் அடங்கியிருந்தது. குத்தகை வழியாகப் போனபோது இடம் வந்தது, வாடிக்கையாளர் வந்தார். பாக்கி பழைய நிறுவனத்தின் ஓட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த ஓட்டுக்குள் யார் யார் காத்திருக்கிறார்கள்? 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வரிசை வகுத்திருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, 24 மாதத்துக்குரிய தொழிலாளர் பாக்கியும், பிணையம் வைத்துக் கடன் கொடுத்தோரும் ஒரே படியில். அதற்கும் கீழே, தொழிலாளர் என்ற இலக்கணத்துக்குள் வராத மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். அதன் பின்னும் பல படிகள் தாண்டி, எஞ்சிய கடன்கள் என்ற தலைப்பில், சரக்குக் கொடுத்தவர்கள். சரக்குக் கொடுத்தவர் என்றால் பன்னாட்டு நிறுவனங்கள் மட்டுமல்ல. அவர்களுக்குத் தாங்கும் வலு உண்டு. ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி, துணிப்பை, தோல் பணப்பை என்று சிறிய பட்டறைகளில் செய்து கொடுத்தவர்களும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வரிசையில் கடைசிப் படிவரை பணம் ஒழுகி வருவது எவ்வளவு என்று வணிக நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடை நிதியும் இந்த வரிசைக்கு வெளியே, தனியே தொழிலாளிக்கு உரியவை என்று அதே சட்டம் 36-ஆம் பிரிவில் கூறுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிதியைப் பிடித்தம் செய்து கட்டியிருந்தால்தானே? எங்கள் சால் பெண்ணைப் போல ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தால், கலைக்கப்படும் நிறுவனத்தின் பட்டியலிலேயே பெயர் இராது.

நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியைக் காக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின் 25-எஃப்எஃப் பிரிவு. உடைமையோ நிர்வாகமோ மாற்றப்பட்டால், பணித்தொடர்ச்சி அறுபடாமல், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல், புதிய முதலாளி ஏற்க வேண்டும். இல்லையேல் ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதற்கான ஏற்பாடு உள்ளது. ஆயின் குத்தகை மட்டும் மாறினால் அது நிறுவன மாற்றமா? கட்டடக்காரர் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார், அவ்வளவுதான் என்று நிர்வாகத்தின் வழக்கறிஞர் வாதிடுவார். அதே தளம், அதே அலமாரி, அதே பெண், அதே கவுண்ட்டர் என்று எதிர்த்து வாதிடச் சங்கம் வேண்டும். அந்தச் சங்கம் இல்லை என்பதுதான் நம் குறை. சட்டத்தின் குறை இரண்டாம் பட்சம்.

இது ஒரு குழுமத்தின் தனிக்கதையாகத் தோன்றலாம். சுபிக்ஷாவை இங்கே பலருக்கு நினைவிருக்கும். 1997-இல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடை. 2008 இறுதிக்குள் நாடெங்கும் 1,600 கடைகள், மும்பையிலும்கூட. 2009 தொடக்கத்தில் எல்லாம் பூட்டு. ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளப் பாக்கி. கோவையின் கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரை, 29 கடைகளோடு, 2020-இல் ரிலையன்ஸ் 152.5 கோடிக்கு வாங்கியது. அது நொடித்ததும் அன்று, ஏமாற்றியதும் அன்று. ஊரறிந்த கடை, ஒரு காசோலையில் போயிற்று. பிர்லாவின் மோர் 2018-இல் அமேசான் பின்னணியில் நிற்கும் ஒரு நிதியக் கூட்டின் கைக்கு. ஜெர்மனியின் மெட்ரோ மொத்த விற்பனைக் கூடங்கள் 31, 2023-இல் 2,850 கோடிக்கு மீண்டும் ரிலையன்சிடம். வட்டாரத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய இரண்டு மூன்று கைகளில் போய்ச் சேருகின்றன.

2012-ஐயும் சொல்லிவிட வேண்டும். பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய நேரடி முதலீட்டுக்கு மன்மோகன் சிங் அரசு செப்டம்பரில் அனுமதி தந்தது. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய கதவடைப்பு. இடதுசாரிகள் முன்னே நின்றோம், இங்குள்ள வணிகர்களும் கடையடைத்தீர்கள். வால்மார்ட் நேராக வந்து கடை திறக்கவில்லை. அது நம் வெற்றி என்று எழுதினோம், ஓரளவு உண்மை. 2020-இல் ரிலையன்சின் சில்லறை நிறுவனம் தன் பங்கில் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் விற்று 47,265 கோடி திரட்டியது. வாங்கியவர்கள் அமெரிக்க நிதியங்களும், சவூதி, அபுதாபி, சிங்கப்பூர் அரசுகளின் நிதியங்களும். வால்மார்ட்டோ 2018-இல் பிளிப்கார்ட்டை வாங்கியது. சுதேசி முதலாளி, விதேசி முதலாளி என்று நாம் அன்று போட்ட கோடு எங்கே போயிற்று? நம் முழக்கம் தவறு என்று சொல்லவில்லை. அது தலைவாசலில் மட்டும் காவல் நின்றது.

இனி வணிக நண்பர்களுக்கு உவக்காத பகுதி.

தாராவிக் குடும்பங்கள் மாதத் தொடக்கத்தில் ஏன் டி-மார்ட்டுக்குப் போகின்றன? விளம்பரத்தில் மயங்கியா? அல்ல. ஐந்து கிலோ எண்ணெயும் சலவைத் தூளும் அங்கே விலை குறைவு. தோல் பட்டறையில் தினக்கூலிக்கு உழைப்பவர் அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்ப்பது அவர் உரிமை. அந்நிறுவனம் பெரும்பாலும் கட்டடத்தைச் சொந்தமாக வாங்குகிறது. சரக்குக்குப் பணத்தைச் சில நாட்களிலேயே கொடுத்துவிட்டு அதற்கான தள்ளுபடியைப் பெறுகிறது. பிக் பஜார் கடனில் ஓடிற்று. இது ரொக்கத்தில் ஓடுகிறது. உற்பத்தி நிறுவனம் பெரிய கூடத்துக்கு ஒரு விலையும் அண்ணாச்சிக்குச் சரக்கு இறக்கும் விநியோகஸ்தருக்கு வேறு விலையும் வைக்கிறது. நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் ஒத்துழையாமை அறிவித்தது இதன் பொருட்டே. அண்ணாச்சி கூடுதல் விலைக்கு விற்பது பேராசையால் அன்று. அவர் வாங்குவதே கூடுதல் விலைக்கு. இந்த உண்மையைத் துண்டறிக்கையில் எழுதலாம். ஆனால் ஏழைக் குடும்பம் நாற்பது ரூபாய் கூடக் கொடுத்து வர்க்க உணர்வைக் காட்ட வேண்டும் என்று எழுத என் கை வரவில்லை.

அதே குடும்பம் மாதக் கடைசியில் எங்கே வருகிறது? உங்களிடம். பற்று நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. ஊரடங்கு மாதங்களில் இந்தச் சந்துகளில் அடுப்பு எரிந்ததற்கு அந்த நோட்டுகளும் ஒரு காரணம். அதை மறப்பவன் தாராவியை அறியாதவன்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, பகலில் பொட்டலம் மடித்து, இரவில் கிட்டங்கி மூட்டைகள் மேல் படுத்துறங்கும் பையன்களும் தொழிலாளிகளே. மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், 2017, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளிகள் உள்ள இடங்களைத்தான் முழுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்த வரம்பை இருபதாக உயர்த்தவும், ஒன்பது மணி வேலைநாளைப் பத்தாக்கவும் மாநில அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. சிறு வணிகருக்குச் சலுகை என்ற பெயரில் வந்த இந்தத் திருத்தத்தால் பெரிதும் பயன் பெறுவோர் யார்? ஊருக்குப் பத்துச் சிறிய கூடங்களாகப் பிரித்து நடத்தும் பெருநிறுவனம்தான். இந்தத் திருத்தத்தை வணிகர் சங்கங்கள் வரவேற்றால் நாம் ஒரே மேடையில் நிற்க முடியாது என்பதை நட்போடு சொல்லிவைக்கிறேன்.

பத்து நிமிட வணிகம் வேறு வந்துவிட்டது. டி-மார்ட்டே அதனால் பாதிக்கப்படுகிறது. பெருநகரங்களில் நன்றாக ஓடும் தன் கடைகளில் இணைய மளிகையின் தாக்கம் தெரிவதாக அதன் தலைமை நிர்வாகி 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். விழுங்கியவனை விழுங்க அடுத்தவன் வருகிறான். நம் தாராவியிலேயே, 2025 ஜூன் தொடக்கத்தில், செப்டோவின் கிடங்கு ஒன்றின் உணவு உரிமத்தை மாநில உணவு மருந்து நிர்வாகம் நிறுத்திவைத்தது. பூஞ்சை பிடித்த பண்டங்கள், தேங்கிய நீரருகே சரக்கு, குளிர்பதனப் பெட்டியில் உரிய குளிர்ச்சி இன்மை என்று ஆய்வில் கண்டார்கள். தாராவிக்காரன் அழுக்கு என்று சொல்லும் நகரம், தாராவிக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு நடக்கும் கிடங்கிலிருந்து தயிர் வாங்கிச் சாப்பிடுகிறது. அங்கே மூட்டை பிரிப்பவரும், வண்டியில் பறப்பவரும் இதே சந்துகளின் பிள்ளைகள்.

வாஷியில் உள்ள மொத்தச் சந்தையையும் ஒரு கணம் நினையுங்கள். அங்கே மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளிகள் போராடிப் பெற்ற 1969-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. யார் சரக்கானாலும் வாரியத்தில் பதிவு, கூலியோடு சேர்த்து வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் தீர்வை. முதலாளி மாறினாலும் தொழிலாளியின் கணக்கு வாரியத்தில் தொடரும். எங்கள் சால் பெண்ணுக்கு இல்லாதது இதுதான். சுமை தூக்கியவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பு வென்றதைப் பில் போடுகிறவர்கள் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. அங்காடித் தொடர்கள் சந்தைக்குள் வராமல் நேராகக் கொள்முதல் செய்யும்போது மாத்தாடி வாரியமும் மெலிகிறது.

மும்பைக்கென்றே ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1948-இல், நாய்காவில், பஞ்சாலைத் தொழிலாளிகளும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து ஒரு நுகர்வோர் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார்கள். ரேஷன் காலம், பதுக்கல் காலம். அதுதான் அப்னா பஜார். பல்லாண்டுகள் மும்பையின் நடுத்தர, தொழிலாளர் குடும்பங்களுக்குத் தீபாவளி வாங்கலென்றால் அங்கேதான். முதலாளி இல்லாத அங்காடி, வாங்குகிறவரே உறுப்பினர். சென்னைக்காரர்கள் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை, 1904-இலேயே தொடங்கியதை, நினைவுகூர்வார்கள். கோவைக்காரர்களுக்குச் சிந்தாமணி.

பங்குச் சந்தையில் பெயர்பெற்ற ராதாகிஷன் தமானி, 1999 வாக்கில் நெருலில் அப்னா பஜாரின் ஒரு கிளையை உரிமம் பெற்று நடத்திப் பார்த்தார். அந்த முறை அவருக்கு ஒத்துவரவில்லை. விலகி, 2002-இல் பவாயில் டி-மார்ட்டைத் தொடங்கினார். 2025 மார்ச்சில் அதற்கு 415 கடைகள். மும்பையின் மற்றொரு கூட்டுறவுத் தொடரான சககாரி பண்டாரின் கடைகள் நடத்துரிமை வழியாக ரிலையன்சின் கைக்குச் சென்றன. பலகையில் இன்றும் கூட்டுறவு என்று பொருள்படும் பெயரே தொங்குகிறது. அப்னா பஜார் இன்று சுருங்கிக் கிடக்கிறது.

தொழிலாளிகள் கட்டிய கடையில் பாடம் கற்றுக்கொண்டவர் ஒரு பங்குச் சந்தை வணிகர், நாம் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டுறவு என்றதும் சர்க்கரை ஆலை முதலாளிகளையும் அவர்களுடைய கட்சிகளையும் நினைத்து முகம் சுளித்தோம். அது சீர்திருத்தவாதம் என்று ஒதுக்கினோம். பஞ்சாலைகள் விழுந்தபோது உறுப்பினர்களின் வாங்கும் சக்தியும் விழுந்தது, நிர்வாகம் தேர்தல் அரசியலில் சிக்கியது. கணக்குப் பார்க்கவும் சரக்குத் தேரவும் தெரிந்த தோழர்களை நாம் அனுப்பவில்லை. இது என் சொந்தக் கருத்து. கட்சியின் மாவட்டக் குழு மாறுபடலாம்.

அண்ணாச்சிகளே, நீங்கள் இருநூறு பேர் தனித்தனியே வாங்குகிற எண்ணெயை ஒன்றாக வாங்கினால், விநியோகஸ்தரிடம் பேசும் தொனியே மாறும். கூட்டுக் கொள்முதல் சங்கம் ஒன்றைப் பதிவு செய்வது பற்றி மூன்று ஆண்டுகளாகப் பேசுகிறோம். யார் பொருளாளர் என்பதில் நின்றுவிடுகிறது. தாராவி மறுசீரமைப்பில், 2000-க்கு முன்பிருந்த வணிக இடங்களுக்குக் கட்டணமின்றி 225 சதுர அடி வரை என்று அறிவித்திருக்கிறார்கள். கல்லாவும் கிட்டங்கியும் வீடும் ஒன்றாக இருக்கும் கடையை 225 அடிக்குள் எப்படி வைப்பது? அதன் பின்னால் வந்தவர்களின் கதி என்ன? புதிய கோபுரங்களின் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த முகப்பு யாருக்கு? அங்கே எந்தப் பெயர்ப்பலகை ஏறும் என்பதை ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை. அதற்கு முன்பு நீங்கள் சங்கமாக நிற்காவிட்டால், தனித்தனியே நின்று இழப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டிவரும்.

ஆகவே அந்தத் துண்டறிக்கை. புறக்கணியுங்கள் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன், ஒப்புதலுக்கு வைக்கிறேன். கடை யாருக்குக் கைமாறினாலும், எந்த வழியாகக் கைமாறினாலும், அதில் நின்றவரின் பணிக்காலம் அவரோடு வர வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் அது பொருந்த வேண்டும். மாத்தாடி வாரியத்தைப் போல் அங்காடித் தொழிலாளிக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும் வாரியம். சிறு உற்பத்தியாளரின் பாக்கிக்குத் திவால் வரிசையில் மேலே ஒரு படி. பெரிய கூடத்துக்கும் சிறிய கடைக்கும் நிறுவனங்கள் ஒரே கொள்முதல் விலை வைக்க வேண்டும் என்பதும், பத்தை இருபதாக்கும் திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும். இந்த அறிக்கையை அண்ணாச்சி கடை வாசலிலும் கொடுக்கலாம், டி-மார்ட் வாசலிலும் கொடுக்கலாம், இரவு பத்தரை மணிக்குப் பணி முடிந்து வெளியே வரும் பெண்களிடமும் கொடுக்கலாம். அவர்கள் வரும் வாசல் வேறு. பின்பக்கம், சரக்கு இறக்குமிடத்தை ஒட்டியது. எங்கள் சால் பெண் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. சட்டத்தில் தொழிலாளி, ஊழியர் என்று இரண்டு இலக்கணங்கள். 53-ஆம் பிரிவில் இருவரும் வெவ்வேறு படியில் நிற்கிறார்கள். பில் போடுகிறவர் இதில் எது என்று நிறுவனம் குழப்பும். தமிழில் நான் எல்லா இடத்திலும் தொழிலாளி என்றே எழுதியிருக்கிறேன். இந்தியில் காம்கார் என்றால் அந்தப் பெண்களே ஏற்க மாட்டார்கள், கர்மசாரி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள் என்று செம்பூர்த் தோழர் சொல்கிறார். மராத்திக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அச்சகம் வெள்ளிக்கிழமைக்குள் மூன்று மொழிப் படிகளையும் கேட்கிறது. மராத்தி நன்றாக எழுதத் தெரிந்த தோழர் யாராவது கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்க வேண்டும்.